திரையில் தெரிந்தது, பெட்டியில் இல்லை

(நமது பொதுக்குழுக் கூட்டத்தில் கேமரா பராமரிப்புக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாத வீட்டுக்காரர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)

ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடைக்குப் போவதைக் கூடத் தள்ளிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி.

"கேமரா விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டார். விளக்கம் என்பதைவிட இது நான் உங்களுக்குக் கொடுக்க வேண்டிய கணக்கு. ஏனென்றால், பின்வாசல் கேமராவைப் பொருத்திய அன்று "சரியாக வேலை செய்கிறது" என்று பில்லில் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ஆடித்தபசு அன்று ஊர் முழுக்க ஜனம். நம் குடியிருப்பிலும் வீட்டுக்கு வீடு விருந்தாளிகள். முன்வாசலில் கார்களை ஒழுங்குபடுத்துவதற்கு வாட்ச்மேன் அண்ணாச்சியை நிறுத்தியது நாம்தான். அன்று இரவு பின்வாசல் பக்கம் நின்ற ஒரு பைக் காணாமல் போனது. காலையில் போய் ரெக்கார்டரைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தோம். மற்ற ஒன்பது கேமராவிலும் பதிவு இருந்தது. பின்வாசல் கேமராவில் மட்டும் ஒன்றுமே இல்லை. ஆனால் டிவியில் அதே கேமராவின் படம் அந்த நிமிடமும் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது.

"படம் தெரியுது, பதிவு மட்டும் இல்லேன்னா யாரோ அழிச்சிருக்காங்க" என்று ஒருவர் சொன்னார். அந்த அறையின் சாவி யாரிடம் இருந்தது? வாட்ச்மேன் அண்ணாச்சியிடம். அவ்வளவுதான். யாரும் அவரை நேரடியாகத் திருடன் என்று சொல்லவில்லை. சொல்லாமலேயே எல்லோரும் அப்படிப் பார்த்தோம். நான்காவது நாள் அவர் வேலைக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து, வேறொரு வழக்கில் பிடிபட்ட ஆளிடம் நம் பைக் இருந்ததாகக் காவல் நிலையத்திலிருந்து தகவல் வந்தது. அதற்குள் அண்ணாச்சி ஒரு தறிக்கூடத்தில் இரவு வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து முறையாகச் சோதித்தோம். யாரும் எதையும் அழிக்கவில்லை. பொருத்திய நாளிலிருந்து நான்கு மாதமாக அந்தக் கேமரா ஒரு நிமிடம்கூடப் பதிவாகவே இல்லை. அது ஏன் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

மூன்று கம்பெனி, ஒரு பெட்டி

ஆரம்பத்தில் நம்மிடம் இருந்தது எட்டு கேமரா, ஒரு என்விஆர். எல்லாம் ஒரே கம்பெனி. என்விஆர் என்பது கேமராக்கள் கேபிள் வழியாக அனுப்பும் படத்தை வாங்கி ஹார்ட் டிஸ்கில் எழுதி வைக்கும் பெட்டி. பிறகு இடி விழுந்து ஒரு கேமரா போனது. கடையில் அந்தக் கம்பெனி சரக்கு இல்லை என்று வேறொன்றைப் போட்டார்கள். அடுத்து ஒரு வீட்டுக்காரர் தன் அப்பா நினைவாக ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார். அது மூன்றாவது கம்பெனி. கடைசியாகப் பின்வாசலுக்கு ஒன்று வாங்கினோம். விலை குறைவாக இருந்ததால் அதுவும் அந்த மூன்றாவது கம்பெனியிலேயே எடுத்தோம். ஆக மொத்தம் பத்து கேமரா, மூன்று கம்பெனி.

இது நம் குடியிருப்பில் மட்டும் நடக்கிற கூத்து அல்ல. சென்னையில் ஏ.கே. விஸ்வநாதன் காவல் ஆணையராக இருந்தபோது "மூன்றாவது கண்" என்ற பெயரில் 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்று இலக்கு வைத்தார்கள். குடியிருப்போர் சங்கங்களும் வியாபாரிகளும் தங்கள் கைப்பணத்தில் வாங்கிப் பொருத்தினார்கள். நன்கொடையாகச் சேரும் எந்த ஏற்பாட்டிலும் கம்பெனி கலக்கத்தான் செய்யும். கலப்பது குற்றமில்லை. கலந்த பிறகு சரிபார்க்காமல் விடுவதுதான் குற்றம்.

ஒரே உருவத்தில் ஒரு பாதி சிவன், ஒரு பாதி பெருமாள் என்று நிற்கிற சாமியைக் கும்பிடுகிற ஊர் நம் ஊர். கேமரா கம்பெனிகள் அவ்வளவு லேசில் ஒன்று சேராது. ஒவ்வொன்றும் தன் பெட்டியோடு பேச ஒரு தனி மொழி வைத்திருக்கிறது. வேற்றுக் கம்பெனியோடு பேச ஒரு பொது மொழி வேண்டும். அந்தப் பொது மொழியின் பெயர் ஓன்விஃப். 2008-இல் ஆக்சிஸ், போஷ், சோனி என்ற மூன்று கம்பெனிகள் சேர்ந்து ஆரம்பித்த அமைப்பு அது.

இந்த மொழியிலும் பாடப் பிரிவுகள் உண்டு, ப்ரொஃபைல் என்பார்கள். ப்ரொஃபைல் எஸ் பழையது. படத்தை அனுப்புவதும் வாங்குவதுமான அடிப்படை வேலைக்கானது. ப்ரொஃபைல் டி 2018-இல் வந்தது, ஹெச்.265 என்ற புதிய சுருக்கும் முறை, அசைவு எச்சரிக்கை போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டது. கேமரா, பெட்டி இரண்டுக்கும் ஒரே ப்ரொஃபைல் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மட்டும் தெரிந்து பயனில்லை. எந்த மாடலுக்கு எது தெரியும் என்று ஓன்விஃப் அமைப்பின் இணையதளத்திலேயே தேடிப் பார்க்கலாம். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

பின்வாசலில் என்ன தவறு?

நம் பெட்டியில் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக ஒரு ஏற்பாடு செய்திருந்தோம். எந்நேரமும் பதிவு செய்யாமல், கேமரா முன்னால் ஏதாவது அசைந்தால் மட்டும் பதிவு செய்யும் ஏற்பாடு. அசைவைக் கண்டுபிடிப்பது கேமரா. "அசைவு இருக்கிறது, எழுது" என்று அது பெட்டிக்குச் சொல்ல வேண்டும். ஒரே கம்பெனியாக இருந்தவரை இது ஒழுங்காக நடந்தது. பின்வாசல் கேமரா பொது மொழி வழியாக இணைந்தது. படம் வந்தது. "அசைவு இருக்கிறது" என்ற அந்த ஒரு செய்தி மட்டும் வந்து சேரவில்லை. யாரும் சொல்லாததால் பெட்டி எழுதவில்லை. நான்கு மாதமும் அப்படியே போனது.

"அப்படின்னா நன்கொடை கேமராவும் அதே கம்பெனிதானே, அது மட்டும் எப்படி பதிவாச்சு?" என்று முன்வரிசையில் அக்கா கேட்கிறார்கள். நல்ல கேள்வி. அதைப் பொருத்திய பையன் வேறு ஆள். விவரம் தெரிந்தவர். அந்த ஒரு சேனலை மட்டும் எந்நேரமும் பதிவு என்று மாற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நம்மிடம் சொல்லவுமில்லை, எங்கேயும் எழுதி வைக்கவுமில்லை.

நான் எப்படிச் சோதித்தேன் தெரியுமா? பின்வாசலில் போய் நின்று கையை ஆட்டினேன். அறைக்குள் இருந்தவர் "தெரியுது சார்" என்று சத்தம் போட்டார். கையெழுத்துப் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்து, நான் கையை ஆட்டியது பெட்டிக்குள் இருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கும்.

இணைக்கும்போது பார்க்க வேண்டியவை

இனி யார் வந்து கேமரா போட்டாலும் பக்கத்தில் நின்று கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். இதில் பாதி நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

முதலாவது முகவரி. ஒவ்வொரு கேமராவுக்கும் தனி ஐ.பி. முகவரி வேண்டும். இரண்டு கேமராவுக்கு ஒரே முகவரி இருந்தால் இரண்டும் மாறி மாறித் தெரிந்து மறையும். இன்னொன்று, நம் பெட்டியின் முதுகில் கேமரா செருக எட்டு துளைகள் இருக்கின்றன அல்லவா? அது பெட்டி தனக்கென்று வைத்துக்கொண்ட உள்வட்டம். தன் கம்பெனி கேமராவைச் செருகினால் தானாகவே முகவரி கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும். மற்ற கம்பெனி கேமராவை அங்கே செருகினால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. அதைத் தனி பி.ஓ.இ. சுவிட்சில் செருகி, முகவரியைக் கையால் அடித்துச் சேர்ப்பதே சுலபம். சுவிட்சிலிருந்து கேமரா வரை கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

இரண்டாவது, ஓன்விஃப் என்பதைக் கேமராவுக்குள் போய் இயக்கி வைக்க வேண்டும். பாதுகாப்புக்காகப் பல கேமராக்களில் அது அணைத்து வைக்கப்பட்டே வருகிறது. சிலவற்றில் அதற்கென்று தனி யூசர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்க வேண்டும். கேமராவின் சொந்த பாஸ்வேர்டைப் பெட்டியில் அடித்துவிட்டு "சரியாத்தான அடிச்சேன், ஏன் எடுக்க மாட்டேங்குது" என்று நாங்கள் ஒரு மாலைப்பொழுதைத் தொலைத்தோம். தவறான பாஸ்வேர்டைப் பெட்டி விடாமல் முயன்றுகொண்டே இருந்ததால் கேமரா தன்னைத் தானே பூட்டிக்கொண்டது. பெட்டியிலிருந்து அந்த சேனலை நீக்கிவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது.

மூன்றாவது நேரம். ஓன்விஃப் வழியாக நுழையும்போது பாஸ்வேர்டோடு நேரமும் சேர்ந்து சரிபார்க்கப்படுகிறது. இரண்டின் கடிகாரமும் வெகுவாக வேறுபட்டால், பாஸ்வேர்டு சரியாக இருந்தாலும் "தவறு" என்று திருப்பி அனுப்பிவிடும். சீனத் தயாரிப்பு பலவற்றில் நேர மண்டலம் அந்த நாட்டு நேரத்தில் இருக்கும். நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். எல்லாவற்றையும் 5.30-க்கு மாற்றி, ஒரே நேர சர்வரைக் கேட்கும்படி வைக்க வேண்டும். இல்லையென்றால் கரண்ட் போய் வரும்போது ஒவ்வொன்றும் ஒரு நேரம் காட்டும்.

நேரம் ஏன் முக்கியம் என்றால், நாளைக்கு ஒரு பதிவைக் காவல்துறையிடம் கொடுத்து அது நீதிமன்றம் வரை போனால், சான்றிதழ் கேட்பார்கள். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் 63-ஆவது பிரிவு. எந்தக் கருவியிலிருந்து எடுத்தது, அது ஒழுங்காக இயங்கிக்கொண்டிருந்ததா என்றெல்லாம் அதில் எழுதிக் கொடுக்க வேண்டும். முன்வாசல் கேமரா இரவு ஒன்பது என்றும் பின்வாசல் கேமரா பதினொன்றரை என்றும் காட்டினால் என்னவென்று எழுதுவது?

நான்காவது, படத்தைச் சுருக்கும் முறை. சில கேமராக்களில் ஹெச்.265 என்பதற்குப் பக்கத்தில் "ப்ளஸ்" என்று போட்டிருக்கும். அந்த ப்ளஸ் அந்தந்தக் கம்பெனியின் சொந்தச் சரக்கு. மற்ற பெட்டியில் கறுப்புத் திரை வரலாம், அல்லது ஓட்டிப் பார்க்கும்போது திக்கித் திணறலாம். ப்ளஸை அணைத்துவிட வேண்டும். அப்படியும் தகராறு செய்தால் பழைய ஹெச்.264-க்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

ஐந்தாவது, பெரிய படம், சின்னப் படம். ஒவ்வொரு கேமராவும் இரண்டு ஓட்டம் அனுப்பும். பதிவுக்குப் பெரியது, திரையில் சின்னச் சின்னக் கட்டமாகப் பார்க்கச் சின்னது. வேறு கம்பெனியைச் சேர்க்கும்போது இது இடம் மாறிவிடுவதுண்டு. நன்கொடையாக வந்த கேமராவில் சின்னப் படம்தான் இத்தனை நாளும் பதிவாகியிருக்கிறது. ஆள் வருவது தெரியும், முகம் தெரியாது. வண்டி தெரியும், நம்பர் தெரியாது. அதையும் இப்போது சரிசெய்துவிட்டோம்.

கடைசியாக ஒன்று. செல்போன் ஆப்பில் மட்டும் பார்க்கிற விலை குறைந்த வைஃபை கேமராக்கள் பலவற்றில் இந்தப் பொது மொழியே கிடையாது. வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். "சும்மா கிடக்கு, சங்கத்துப் பெட்டியோட சேர்த்துக்கோங்க" என்று தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.

எத்தனை நாள் நிற்கும்?

இப்போது பத்து கேமராவையும் எந்நேரமும் பதிவு என்று மாற்றிவிட்டோம். அசைவுச் செய்தியை நம்பி இருக்க வேண்டியதில்லை. ஆனால் இடம் அதிகம் பிடிக்கும். கணக்கு எளிது. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால், ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. பத்து கேமராவுக்கு 216 ஜிபி. நம் பெட்டியில் இருந்த 2 டிபி டிஸ்க் ஒன்பது நாள்தான் தாங்கும். அதனால்தான் 4 டிபி வாங்கினோம். பதினெட்டு நாள் நிற்கும். அதன் பிறகு பழையதன் மேல் புதியது எழுதப்படும். ஏதாவது நடந்தால் பதினெட்டு நாளுக்குள் சொல்லுங்கள், எடுத்துத் தனியாக வைத்துவிடலாம். ஊருக்குப் போய்விட்டு வந்து ஒரு மாதம் கழித்துக் கேட்டால் இருக்காது.

செட்டிங்ஸ் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தைக்கும் மகனுக்கும் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். நமக்குப் பக்கத்து ஊரான கோவில்பட்டியின் நீதித்துறை நடுவர் அங்கே போய் விசாரித்து, உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை கொடுத்தார். கேமரா இருந்தது; ஹார்ட் டிஸ்கில் 1 டிபி இடமும் இருந்தது. ஆனால் பதிவு தினமும் தானாகவே அழியும்படி செட்டிங்ஸ் வைக்கப்பட்டிருந்தது என்று அதில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி, வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவு 18 மாதம் நிற்க வேண்டும், முடியாத இடத்திலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது என்று உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. நமக்கு அந்த அளவு தேவையில்லை. ஆனால் கேமரா மாட்டியிருப்பது மட்டும் போதாது, உள்ளே பதிவு நிற்க வேண்டும் என்பது நமக்கும் பொருந்தும்.

பாஸ்வேர்டும் புதுக் கேமராவும்

நாங்கள் உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு கேமராவில் கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டே இருந்தது. 2016-இல் மிராய் என்ற ஒரு கெட்ட நிரல் இப்படி மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை முயன்று முயன்றே உலகம் முழுக்க ஏராளமான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்துக்கொண்டது. அவற்றை ஏவிவிட்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்களையே முடக்கினார்கள். நம் பின்வாசல் கேமராவும் அப்படி யாருக்கோ அடியாளாக வேலை பார்க்கலாம். எல்லா பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டோம். மூடிய உறையில் தலைவரிடம் ஒன்று, செயலாளரிடம் ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் யாரும் கேட்க வேண்டாம்.

புதிதாக வாங்கினால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மத்திய மின்னணு அமைச்சகம் 2024 ஏப்ரலில் ஒரு விதி கொண்டுவந்தது. 2025 ஏப்ரல் 9 முதல், நாட்டில் விற்கும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும். "பழைய ஸ்டாக், பாதி விலைக்குத் தர்றேன்" என்று யாராவது சொன்னால் ஏன் பாதி விலை என்று கேளுங்கள்.

"எல்லாத்தையும் தூக்கிப்போட்டுட்டு ஒரே கம்பெனியா மாத்திட்டா தலைவலி விட்டுச்சே" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. உண்மைதான், வேலை சுலபமாகும். ஆனால் நன்றாக இருக்கிற பத்து கேமராவைத் தூக்கிப் போட சங்கத்தில் பணம் இல்லை. மாற்றினாலும் பதிவைச் சோதிக்காமல் விட்டால் இதே கதைதான். இனி பழுதாகும்போது பெட்டியின் கம்பெனியையே முதலில் தேடுவோம். கிடைக்காவிட்டால் மேலே சொன்ன ஐந்தையும் பார்த்து வேறொன்றைச் சேர்ப்போம்.

இனி என்ன செய்கிறோம்

மாதத்தின் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பதிவுச் சோதனை. திரையைப் பார்ப்பது சோதனை ஆகாது. ஒவ்வொரு கேமராவிலும் நேற்று இரவு ஒரு நேரம், ஒரு வாரத்துக்கு முன் ஒரு நேரம், பதினைந்து நாளுக்கு முன் ஒரு நேரம் என்று ஓட்டிப் பார்த்து, அறையில் இருக்கும் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து வர வேண்டும். குழு ஆட்களை மட்டும் நம்பி விடாதீர்கள். எந்தக் கேமரா எந்தக் கம்பெனி, என்ன முகவரி, யார் என்ன மாற்றினார்கள் என்பதும் அதே நோட்டில் இருக்கும். புதுக் கேமரா போடுபவருக்கு, ஒரு நாள் முழுக்கப் பதிவானதை ஓட்டிக் காட்டிய பிறகுதான் மீதிப் பணம்.

வாட்ச்மேன் அண்ணாச்சி வீட்டுக்குச் செயலாளரும் நானும் போன வாரம் போயிருந்தோம். காப்பி கொடுத்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தப் பொட்டி ஓடலேங்கிறது எனக்கெப்படித் தெரியும் சார், நானும் டிவியத்தான பாத்தேன்" என்றார். நாமும் அதைத்தான் பார்த்தோம். திரும்ப வேலைக்கு வரச் சொல்லிக் கேட்டோம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வருவதும் வராததும் அவர் விருப்பம்.

அவர் வந்தாலும் வராவிட்டாலும், அவர் மேல் ஒரு தவறும் இல்லை என்றும் தவறு நம் சோதனையில்தான் என்றும் எழுதி, சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் தயார் செய்திருக்கிறோம். அறிவிப்புப் பலகையில் ஒன்று ஒட்டுவோம், அவர் கையில் ஒன்று கொடுப்போம். இன்று கூட்டம் முடிந்து போகும்போது மேசையில் இருக்கும். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். முதல் கையெழுத்தை நான் போட்டிருக்கிறேன்.

அடுத்த மாத முதல் ஞாயிறு பதிவுச் சோதனைக்கு முதல் தளத்து வீட்டுக்காரர்கள் முறை. எட்டு மணிக்கு வந்துவிடுங்கள்.